சேர்விலக்கம் இல்லாத ரசிகர்

லண்டனில் கேணியடி இந்துக் கல்லூரியின் உதைபந்தாட்ட அணியைப் பற்றி யாருக்காவது ஒரு சந்தேகம் வந்தால், அவர்கள் கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதுவதில்லை. பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு மலரைப் புரட்டுவதும் இல்லை. தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் கிருஷ்ணராசாவின் டயர் கடைக்குப் போன் போடுவார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டு இறுதிப் போட்டியில் கோல் காத்தவர் யார், எண்பதில் தண்ட உதையை வானத்துக்கு அடித்துவிட்டு ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வராதவர் யார், எண்பத்திரண்டில் ஜிம்னாஸ்டிக்ஸ் குழு கொழும்புக்குப் போனபோது கையை முறித்துக்கொண்டு வந்தவர் யார் என்று எதைக் கேட்டாலும், காருக்குக் கீழே படுத்தபடியே பதில் சொல்லுவார். பெயரோடு நிறுத்தவும் மாட்டார். அந்த ஆள் வலக்காலால் அடித்தாரா இடக்காலால் அடித்தாரா, அன்றைக்கு மைதானம் ஈரமா காய்ந்ததா என்பதெல்லாம் சேர்ந்து வரும். கேட்டவர் அவசர வேலையில் இருந்தால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

அறுபத்து மூன்று வயது ஆளுக்கு. எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைத் தனக்குள் வைத்திருக்கும் பழக்கம்தான் இல்லை. ரிவியில் ஓடும் பெரிய பந்தாட்டத்தை அவர் பந்தாட்டமாகவே கணக்கில் எடுப்பதில்லை. சம்பளத்துக்கு ஓடுகிறவனுக்காக நான் ஏன் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்பார். திங்கட்கிழமை விடிய ஷிப்ட்டுக்குப் போக வேண்டியவன் ஞாயிற்றுக்கிழமை தன் முழங்காலைக் கொடுத்துக் கல்லூரிக்காக விளையாடுகிறானே, அவனுக்குக் கத்துவதில்தான் அர்த்தம் இருக்கிறது என்பது அவர் கட்சி. முன்களக்காரர்களைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. கோல் அடிப்பது அவர்களுடைய வேலை, ஒவ்வொரு டயர் மாற்றிவிட்டும் நான் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டா ஓடுகிறேன் என்று கேட்பார். அவருடைய பாசமெல்லாம் பின்களத்தில் நிற்கிறவர்கள் மேல்தான்.

இவ்வளவு பேசுகிற மனிதர் பந்தாட்டத்துக்கும் ஒரு படி மேலே வைத்திருந்தது ஜிம்னாஸ்டிக்ஸை. சங்கத்தில் பத்து வருடங்களாகப் பிள்ளைகளுக்கு ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் குழு இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த மேனுஷா என்ற உடற்பயிற்சி ஆசிரியை, வெள்ளி பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் பழக்குகிறாள். பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கோபுரம் கட்டும்போது பெற்றோர் எல்லோரும் உச்சியில் நிற்கிற பிள்ளையைப் படம் எடுப்பார்கள். கிருஷ்ணராசா கீழ் வரிசையின் முழங்கால்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு விளையாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மேனுஷா ஒருநாள் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை.

"பந்தடிக்காரன் பிழை விட்டால் நடுவரைப் பாப்பான். உன்ர பிள்ளையள் பிழை விட்டால் தங்கட காலைப் பாக்குதுகள். அவ்வளவுதான் வித்தியாசம், பிள்ளை."

மேனுஷா அதை ஆங்கிலத்தில் எழுதி மண்டபக் கதவில் ஒட்டிவைத்தாள். கீழே அவர் பெயரையும் போட்டாள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் கடையில் இரண்டு பேருக்கு இலவசமாகக் காற்று அடித்துவிட்டார்.

வெறும் வாய்ப்பேச்சுக்காரர் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. இருபத்திரண்டு வருடங்களாக உதைபந்தாட்ட அணியின் பொறுப்பாளர் அவர்தான். பந்து, தண்ணீர், காயத்துக்குக் கட்டும் பட்டி எல்லாம் அவருடைய வான் வண்டியில்தான் வரும். ஜிம்னாஸ்டிக்ஸ் மெத்தைகளும் அதே வானில். நீலமும் மஞ்சளுமான சட்டைகளைத் தானே வீட்டில் தோய்த்து, இலக்கம் தெரியும்படி மடித்துக் கொண்டுவருவார். ஒரு வருடம் அணி ஏழு கோலில் தோற்றது. மற்றவர்கள் எல்லோரும் காரில் ஏறி மெல்ல நழுவிவிட, மழைக்குள் கொடித்தடிகளைப் பிடுங்கிக்கொண்டு நின்றவர் இவர் ஒருவர்தான். அந்தத் தோல்வியைப் பற்றியும் ஆறு மாதம் பேசினார் என்பது வேறு கதை.

இப்படிப்பட்ட ரசிகரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அவர் கேணியடி இந்துக் கல்லூரியில் ஒருநாள்கூடப் படித்ததில்லை.

அவர் பொய் சொன்னதும் இல்லை. ஜெர்மனியில் பதினேழு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த புதிதில், ஒரு கோடைகால ஞாயிற்றுக்கிழமை, கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஒன்றோடொன்று மோதும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போனார். நீலமும் மஞ்சளும் கண்ணில் பட்டதுதான் தாமதம், கோட்டுக்கு வெளியே நின்று கத்தத் தொடங்கிவிட்டார். அவர் கத்தியதில் விஷயம் இருப்பதைக் கண்ட ஒருவர், அண்ணை எந்த பட்ச், எந்த வருடத்து மாணவர் என்று கேட்டார். எழுபத்தெட்டாம் ஆண்டு ரீமின் ஒரு மட்சையும் நான் விடவில்லை என்றார் இவர். அது சத்தியமான உண்மை. எங்கள் ஆட்கள் எந்த பட்ச் என்ற கேள்வியை ஒருவரிடம் ஒருமுறைதான் கேட்பார்கள். இரண்டாம் முறை கேட்டால் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும், அது மரியாதை இல்லை. அப்படியே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு முடிந்திருந்தது. தகப்பன் போய்விட, கீழே நான்கு பேர் இருக்க, கேணியடிக் கல்லூரி மைதானத்துக்கு நேரெதிரே இருந்த சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மைதானத்து மதிலில் ஓர் இடம் இடிந்திருந்தது. அதன் வழியே பத்து வருடம் பார்த்த பந்தாட்டமும் ஜிம்னாஸ்டிக்ஸும்தான் அவருக்குத் தெரிந்த கல்லூரி. உள்ளே வா என்று யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட வேண்டும் என்று அவருக்கும் தோன்றியதில்லை. பிடித்திருந்தது, பார்த்தார். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் இப்போது அதற்கு மேல் ஒன்று இருந்தது. அவருடைய மகன் நிர்மலன். இருபத்து நாலு வயது, மின்சார வேலை செய்கிறவன். கேணியடி அணியில் ஐந்தாம் இலக்கச் சட்டையோடு ஆறு வருடமாக நடுப் பின்களத்தில் நிற்கிறான். சுற்றுப்போட்டியின் விதி என்னவென்றால், விளையாடுகிறவர் அந்தக் கல்லூரியின் பழைய மாணவராக இருக்க வேண்டும், அல்லது பழைய மாணவரின் பிள்ளையாக இருக்க வேண்டும். ராசா அங்கிளின் மகனைப் பார்த்து நீ யாருடைய பிள்ளை என்று கேட்க லண்டனில் யாருக்கு மனம் வரும்?

போன வருடம் வேறொரு கல்லூரி, மாதச் சம்பளத்துக்கு விளையாடும் ஒருவனைப் பழைய மாணவர் ஒருவரின் மகன் என்று சொல்லி இறக்கிவிட்டது. மைதானத்தில் கைகலப்பு. அதனால் இந்த வருடம் புதுப் படிவம் வந்தது. ஒவ்வொரு வீரருக்கும் நேரே, படித்தவரின் சேர்விலக்கத்தை, அதாவது கல்லூரியில் சேர்ந்த நாளில் பதிவேட்டில் எழுதிய இலக்கத்தை, நிரப்பிக் கொடுக்க வேண்டும். பொறுப்பாளருக்கும் அதே விதி.

கேணியடிச் சங்கத்தின் செயலாளர் சச்சிதானந்தன் படிவத்தோடு டயர் கடைக்கு வந்தார். கவுன்சிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் நித்திரை வராத மனிதர். முதல்நாள் கிருஷ்ணராசா ஜாக்கி சரியில்லை என்று காருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். அடுத்தநாள் இலக்கம் மறந்துவிட்டது என்றார். எண்பதாம் ஆண்டு தண்ட உதை எந்தக் காலால் போனது என்று தெரிந்த ஆளுக்குத் தன் சேர்விலக்கம் மறந்துவிட்டதாம். சச்சிதானந்தன் சிரித்துவிட்டு, கல்லூரிக்கு எழுதிக் கேட்கிறேன், பதிவேட்டில் பார்த்து அனுப்புவார்கள் என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம், கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, சச்சிதானந்தனை ஒரு டயர் அடுக்கின் மேல் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். வெட்டு ஒன்று துண்டு இரண்டாக. "சச்சி அண்ணை, நீங்கள் எழுதிக் கேக்க வேண்டாம். அங்க என்ர பேர் இராது. நான் படிக்கேல்லை. முன்னால சைக்கிள் கடையில நிண்டனான்."

சச்சிதானந்தன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவருக்குக் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடம் எங்கள் எல்லோரையும் முட்டாளாக்கிவிட்டாய் என்றார். சபையில் உன்னை முன்வரிசையில் இருத்தினோமே என்றார். கோபம் தணிந்து ஆள் திரும்பவும் செயலாளர் ஆனபோது, பேனையைத் திறந்தார். இறுதிப் போட்டியில் இந்த முறை எப்படியும் எதிரிப் பள்ளியான பூவரசடிதான் எதிரே வரும், நிர்மலன் இல்லாமல் பூவரசடியை மறிக்க ஏலாது என்பது அவருக்குத் தெரியும். கேணியடியில் படித்த இன்னொரு கிருஷ்ணராசா இருந்தார், காலமாகிவிட்டார், அவருடைய இலக்கத்தைப் போட்டுவிட்டால் யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று மெல்லச் சொன்னார். செயலாளராக அவர் செய்த ஒரே தப்புக் காரியம் அதுவாகத்தான் இருந்திருக்கும். அதுவும் கல்லூரி மேல் இருந்த ஆசையில்.

கிருஷ்ணராசா படிவத்தின் மேல் தன் எண்ணெய்க் கையை வைத்தார். "கேணியடி கள்ள ஆளை இறக்கினது எண்டு ஒரு கதை இண்டுவரைக்கும் இல்லை அண்ணை. எனக்குத் தெரியும், நான் எல்லா மட்சும் பாத்தனான். அது என்ர வீட்டில இருந்து தொடங்கக் கூடாது."

படிவத்தில் ஐந்து விரல் அடையாளம் விழுந்துவிட்டது. சச்சிதானந்தன் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். அன்று நாலு மணி பத்து நிமிடத்துக்கு சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து கிருஷ்ணராசா நீக்கப்பட்டார். அவருக்குத் தானாக விலகிக்கொள்ளத் தெரிந்திருந்தால் அதைச் செய்திருப்பார். எந்தப் பொத்தானை அமத்துவது என்று தெரியவில்லை.

சச்சிதானந்தனிடம் சொன்னது லேசான பாதிதான். மிச்சப் பாதி வீட்டில், இரவுச் சாப்பாட்டு மேசையில் இருந்தது. நிர்மலன் பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டான். அப்பா படிக்கவில்லை என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. படிக்காத அப்பாதான் கடை வைத்து வீடு வாங்கித் தன்னைப் படிப்பித்தவர் என்று அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் தன்னையும் அந்தக் கல்லூரிக்காரனாக நினைக்கவைத்ததும், ஆறு வருடம் தன்னை அந்தச் சட்டைக்குள் விட்டதும்தான் சுட்டது.

"எனக்காவது சொல்லியிருக்கலாம் அப்பா. நான் நம்பித்தானே விளையாடினனான்."

"ஓம். சொல்லியிருக்கலாம்," என்றார் கிருஷ்ணராசா.

அந்த நேரத்தில்தான் அவர் மனைவி ஜெயகௌரி சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, தன்னுடைய சேர்விலக்கம் இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினாறு என்றாள். யாரும் கேட்கவில்லை. இலக்கம் என்று பேச்சு வந்ததால் சொன்னாள், அவ்வளவுதான். பந்தாட்டம் என்றால் எத்தனை பேர் விளையாடுவது என்றுகூடத் தெரியாத மனுஷி அவள். ஆனால் அவள் படித்தது பூவரசடி மகா வித்தியாலயத்தில். கேணியடிக்கு ஐம்பது வருடமாகப் பரம எதிரியான அதே பூவரசடி. கல்யாணம் பேசி வந்தபோது கிருஷ்ணராசா ஜாதகத்தைப் பார்க்கவில்லை, பெண் படித்த பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான் இரண்டு நாள் யோசித்தார் என்று அவருடைய நண்பர்கள் ஜெர்மனியில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மேசையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதை விளங்கிக்கொண்டார்கள். தாயின் இலக்கத்தில் நிர்மலன் பூவரசடிக்கு விளையாடலாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது, முழுக்க முழுக்கச் சட்டப்படி. கேணியடியில் நடந்த கதை ஒருநாளைக்குள் லண்டன் முழுக்கப் பரவ, பூவரசடிச் சங்கத்தின் செயலாளர் றொசாந்தி மறுநாள் காலையிலேயே போன் எடுத்துவிட்டாள். பின்களத்தில் ஆள் இல்லை, புதன்கிழமை பெயர்ப்பட்டியல் மூடுகிறது, அக்காவின் மகன் எங்கள் பிள்ளை அல்லவா என்று ஜெயகௌரியிடம் தேனாகப் பேசினாள்.

நிர்மலன் தகப்பனைப் பார்த்தான். கோபம் இன்னும் போகவில்லை, ஆனாலும் கேட்டான். போகவா என்றுதான் கேட்டான். போகிறேன் என்று சொல்லவில்லை. கிருஷ்ணராசா குடித்துக்கொண்டிருந்த தேநீரை மேசையில் வைத்தார். வீட்டில் ஒரு முன்னணிப் பின்கள வீரனை வளர்த்து, அவனைத் தானே கொண்டுபோய் எதிரியிடம் ஒப்படைக்கிற ரசிகன் இந்த உலகத்தில் வேறு யாராவது இருப்பானா? வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் மகன் கேட்பான். அணி பிழைக்கும். ஆனால் இருபத்து நாலு வயதுக்காரன் நல்ல காலோடு வீட்டில் உட்கார்ந்திருப்பான், அதுவும் தகப்பன் வாயை மூடிக்கொண்டிருந்த குற்றத்துக்காக.

"போ," என்றார். "போய் விளையாடு. ஆனா நான் கை தட்டமாட்டன். அதை மட்டும் என்னட்டை எதிர்பாக்காதை."

வெள்ளிக்கிழமை மெத்தைகளை இறக்க மண்டபத்துக்குப் போனபோது அவர் மேனுஷாவிடமும் தானாகவே சொன்னார். இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள், என் பெயரையும் கதவிலிருந்து எடுத்துவிடு என்றார். மேனுஷா பிள்ளைகளுக்குக் கையைச் சூடாக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்க்கவே இல்லை. "அங்கிள், படிவம் பந்தாட்டத்துக்குத்தான். எனக்கு மெத்தை பிந்துது, விரியுங்கோ." அவர் குனிந்து விரித்தார். நிமிர அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. முதுகு என்று சொல்லிச் சமாளித்தார்.

சுற்றுப்போட்டி மோர்டன் பக்கத்து மைதானத்தில். காலையில் கல்லூரிகளின் பிள்ளைகள் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்து காட்டுவது வழக்கம், பின்னேரம் இறுதிப் பந்தாட்டம். கேணியடிப் பிள்ளைகள் மூன்று தட்டுக் கோபுரம் கட்டினார்கள். கீழ் வரிசையில் வலது ஓரத்தில் நின்ற பதினோரு வயதுப் பிள்ளையின் முழங்கால் ஆடத் தொடங்கியதை மைதானத்தில் ஒரே ஒருவர்தான் கண்டார். அந்தப் பிள்ளை முகத்தைச் சுளிக்கவில்லை, மேலே நின்றவர்களுக்குச் சொல்லவும் இல்லை. பாதத்தை அரை அங்குலம் அகட்டி, பல்லைக் கடித்து, எண்ணிக்கை எட்டு வரைக்கும் நின்று, எல்லோரும் இறங்கிய பிறகுதான் மூச்சு விட்டது. கிருஷ்ணராசா உரக்கக் கை தட்டினார். எதற்காக இந்த மனிதர் இவ்வளவு கை தட்டுகிறார் என்று பக்கத்தில் நின்ற பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் வேறு காரணத்துக்காகவும் பார்த்தார்கள். குசுகுசுப்பு அவர் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டார்.

பின்னேரம் எல்லோரும் பயந்தபடியே நடந்தது. இறுதிப் போட்டி கேணியடிக்கும் பூவரசடிக்கும். வீரர்களும் பொறுப்பாளர்களும் மட்டும் கயிற்றுக்கு உள்ளே போகலாம். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகக் கிருஷ்ணராசா கயிற்றுக்கு வெளியே நின்றார். உள்ளே, கேணியடியின் நீள வாங்குப் பலகையில் சச்சிதானந்தன் தண்ணீர்ப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். சட்டைகளை யாரோ தோய்த்திருந்தார்கள், ஆனால் மடித்த விதம் சரியில்லை. இலக்கம் உள்ளே போயிருந்தது. மைதானத்துக்கு அந்தப் பக்கம், சிவப்புச் சட்டையில், நிர்மலன்.

ஆட்டம் முடிகிற நேரம் வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை. இதைக் கேட்டால் தோர்ண்டன் ஹீத்தில் யாரும் நம்பமாட்டார்கள். பூவரசடி தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. கேணியடிப் பொடியன்கள் அதற்குப் பிறகு அலை அலையாக ஏறினார்கள். தலைவன் ஜதுசன் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைப் போல அவர் அவனிடம் முன்னே பார்த்ததில்லை. முன்களக்காரனைப் பற்றி அவரே மனதுக்குள் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் சிவப்புச் சட்டைகளின் நடுவே ஒருவன் நின்றான். ஓடவும் இல்லை, விழவும் இல்லை, வருகிறவனின் கண்ணைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்து நின்றான். அப்படி நிற்கச் சொல்லி அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இந்தக் கோட்டுக்கு வெளியே ஆறு வருடம் தொண்டை வற்றக் கத்திய ஒருவரைக் கேட்டுக் கேட்டு அவனாகவே எடுத்துக்கொண்டது அது.

கடைசி நிமிடம். ஜதுசன் இரண்டு பேரைக் கழித்துவிட்டு உள்ளே வந்துவிட்டான். எதிரே கோல் காப்பாளரும் நிர்மலனும் மட்டும். சமன் செய்தால் கேணியடி பிழைத்தது. "அடி," என்று கிருஷ்ணராசா கத்தினார். அன்றைக்கு அவர் போட்ட முதல் சத்தம் அது. அடி என்றது யாருக்கு எதிராக என்பது கத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஜதுசன் அடித்தான். நிர்மலன் ஒரு எட்டு முன்னே வைத்து, பந்து காலை விட்டுப் புறப்பட்ட இடத்திலேயே அதை மறித்து, எடுத்து, கோட்டுக்கு வெளியே அனுப்பினான். ஜதுசன் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. நடுவர் நீளமாக ஊதினார்.

சிவப்புக் கொடிகள் மைதானத்துக்குள் பாய்ந்தன. ஜெயகௌரி, யார் வென்றது என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு துள்ளினாள். கிருஷ்ணராசா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டு கைகளையும் கயிற்றில் இறுக்கிப் பிடித்திருந்தார். மகன் நல்லாய் விளையாடினான் என்ற பெருமையும் கேணியடி தோற்றுவிட்டது என்ற துக்கமும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதன் என்ன செய்வான்? கண்ணீரைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

பதக்கம் கொடுத்து முடிந்ததும் நிர்மலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயிற்றடிக்கு வந்தான். வியர்வையோடு, கழுத்தில் பதக்கத்தோடு நின்றான். போ என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகு இருவரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. அவன் பதக்கத்தைக் கழற்றி நீட்டினான். கிருஷ்ணராசா அதை வாங்கவில்லை. அது அம்மாவின் பள்ளிக்கூடத்துப் பதக்கம், அம்மாவிடம் கொடு என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போக, அவர் அவனுடைய தோளைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டு விட்டார். அவனுக்கு அது போதும் என்பது அவன் நடந்த நடையில் தெரிந்தது.

ஆட்டம் முடிந்துவிட்டதால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இனி யார் எங்கே போனாலும் கேட்பாரில்லை. வென்ற பக்கம் பாட்டும் கூத்துமாக இருந்தது. எள் விழ இடமில்லை. கிருஷ்ணராசா மற்றப் பக்கம் நடந்தார். கேணியடி வாங்கில் பதினைந்து பேர் தலை குனிந்து இருந்தார்கள். பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார். நீ யார் இங்கே வர என்று யாராவது கேட்டால் சொல்ல அவரிடம் பதில் இல்லை.

சச்சிதானந்தன் நிமிர்ந்து பார்த்தார். எழும்பவில்லை, வா என்றும் சொல்லவில்லை. தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கிப் புல்லில் வைத்துவிட்டு, வாங்கில் தள்ளி இருந்தார். கிருஷ்ணராசா வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

ஜதுசன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடி, தலையைத் தூக்காமல் கேட்டான்.

"அங்கிள், நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

லண்டனில் எல்லோருக்கும் தெரியும், இந்தக் கேள்விக்குக் கிருஷ்ணராசாவிடம் குறைந்தது ஒரு மணி நேரத்துக்குப் பதில் இருக்கும். பொடியன்கள் திட்டு வாங்கத் தயாராக இருந்தார்கள்.

"ஒரு பிழையும் இல்லை, தம்பி," என்றார். "அவங்கட பின்களத்தில ஒருத்தன் நிண்டவன். அவன் திறமான விளையாட்டுக்காரன்."

சச்சிதானந்தன் அவர் முதுகில் கையை வைத்து, ஓம் ராசா, திறமான பொடியன்தான் என்றார்.